பொய்ப்பூச்சிக் குறிப்புகள்

பிளவக்கல் அணைக்கரையில் இருட்டுப் பிரியுமுன் போய் நின்றால் காட்டுக்கோழி கூப்பிடும். ஊர்ச் சேவல் மாதிரி நீட்டி இழுக்காது. வெட்டி வெட்டி நாலைந்து துண்டாக வரும்; கடைசித் துண்டு தொண்டைக்குள்ளேயே அடங்கிவிடும். மேற்கே மலைச்சரிவில் ஒன்று கூப்பிட, கோவிலாறு பக்கமிருந்து இன்னொன்று பதில் சொல்லும். சத்தம் தினம் கேட்கும், ஆளைப் பார்ப்பது அபூர்வம். அறுபத்திரண்டு வயதுக்குள் முழுச் சேவலாகக் கண்ணெதிரே பார்த்தது ஏழெட்டுத் தடவை இருக்கும்.

கடைசியாகப் பார்த்தது போன மாசியில். புளியமரத்தடியில் சருகைக் கிண்டிக்கொண்டு நின்றது. சாம்பல் உடம்பு, மினுங்குகிற கறுப்பு வால், பிடரி முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். அந்தப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். மற்றப் பறவைகளுக்கு இருக்கிற மாதிரி வெறும் நிறம் இல்லை அது. இறகின் நடுத்தண்டே அந்த இடத்தில் தட்டையாக விரிந்து, மெழுகுவத்தியிலிருந்து சொட்டி உறைந்தது மாதிரி, நகம் மாதிரி கெட்டியாக இருக்கும். உதிர்ந்த இறகு ஒன்று ஒருமுறை கிடந்தது. எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளே போய் மஞ்சளாக வெளியே வந்தது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அந்த மெழுகுச் சொட்டுக்காகத்தான் இந்தப் பறவையை இரண்டு நூற்றாண்டில் எத்தனையோ பேர் சுட்டார்கள், கண்ணி வைத்தார்கள். இங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை. கப்பலேறி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போனது, தூண்டில் முள்ளில் கட்டுவதற்கு.

*

நான் கட்டுவதும் அதே வேலைதான். தூண்டில் முள்ளில் நூல், இறகு, மயிர் இவற்றைச் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. இங்கிலீஷில் 'ஃப்ளை' என்பார்கள். 'செயற்கை ஈ' என்று எழுதிப் பார்த்தேன், அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது. பொய்க்கால் குதிரை இருக்கும்போது பொய்ப்பூச்சி இருக்கக் கூடாதா? வீட்டில் எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

மண்புழு கோத்துப் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. புழுவுக்கு வாசனை இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, ருசி இருக்கிறது. மீன் விழுங்கிவிட்டால் விழுங்கியதுதான். பொய்ப்பூச்சிக்கு இவை எதுவும் கிடையாது. வாயில் வைத்த கணமே மீனுக்குத் தெரிந்துவிடும், துப்பிவிடும். துப்புவதற்குள் கையைச் சுண்ட வேண்டும். அதனால் மீன் எதை, எப்போது, எந்த ஆழத்தில் தின்கிறது என்று தெரியாமல் இந்த வேலை நடக்காது. முள் கட்ட ஆரம்பித்த பிறகுதான் நான் தண்ணீரை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் முப்பது வருஷம் தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூண்டில் என்ற சொல்லே 'தூண்டு' என்பதிலிருந்து வந்தது. ஆசை காட்டுவது, கிளப்பிவிடுவது. புழுத் தூண்டிலைவிட இதற்குத்தான் அந்தப் பேர் பொருத்தம்.

*

பழசிலும் பழசான குறிப்பு ரோமாபுரிக்காரர் ஈலியன் எழுதியது, கி.பி. 200 வாக்கில். மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் மீன்பிடிக்கிறவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே இருக்கும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த ஆற்றில் ஒரு பூச்சி தண்ணீர்மேல் வந்து உட்காரும், மீன் அதைத் தின்னும், ஆனால் நிஜப் பூச்சியை முள்ளில் கோத்தால் நிறம் போய்விடும், இறக்கை ஒடிந்துவிடும். அதனால் இந்த ஏற்பாடு.

ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆகியும் செய்முறை அப்படியே இருக்கிறது. நூல், சேவல் இறகு, முள். ராஜபாளையத்தில் இவை மூன்றுக்கும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

*

நூலைப் பற்றி.

ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நூலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் கவுண்டு சொன்னால் பத்து வயதுப் பையனுக்கும் புரியும். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் கவுண்டு. 100 கவுண்டு என்றால் ஒரு பவுண்டுப் பஞ்சில் 84,000 கெஜம். ராஜபாளையத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மதுரை ரோட்டில் இழுத்துக்கொண்டு போனால் திருமங்கலத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவு மெல்லிய நூல் கையில் இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று முதலில் நினைத்தேன். கட்டிப் பார்த்தால் பத்துச் சுற்றுக்குள் அறுந்தது. காரணம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பஞ்சு இழை ஒவ்வொன்றும் முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டர்தான். அவற்றை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பது முறுக்கு. பூச்சி கட்டும்போது நூல் தட்டையாகப் படியவேண்டும் என்று பாபினை எதிர்ப்பக்கம் சுழலவிடுவார்கள். முறுக்கு அவிழ்ந்து நூல் நாடா மாதிரி ஆகும். பட்டிலும் பாலியெஸ்டரிலும் இது சரிவரும், அவை நீள இழை. ஒற்றைப் பிரிப் பஞ்சு நூலில் முறுக்கை அவிழ்த்தால் நூலே இல்லாமல் போய்விடும். மில்லில் எத்தனை ஆயிரம் தடவை பார்த்த விஷயம்! கையில் முள்ளைப் பிடித்திருக்கும்போது மறந்துவிட்டது.

பிறகு இரட்டைப் பிரி நூலுக்கு மாறினேன். தேன்மெழுகில் ஒருதரம் இழுத்துக்கொண்டால் வழுக்காது, தண்ணீரும் சீக்கிரம் ஏறாது. பழைய இங்கிலீஷ்காரர்கள் பட்டு நூலைச் செருப்பு தைக்கிற மெழுகில் இழுத்துத்தான் கட்டினார்கள்.

பஞ்சு நூல் வேறொரு இடத்தில் கைகொடுத்தது. பொய்ப்பூச்சிக்கு எடை கிடையாது, ஈயக்குண்டும் கட்டக் கூடாது; எடை முழுக்க எறிகிற கயிற்றில்தான் இருக்க வேண்டும். அதற்கென்று விற்கிற கயிறும் ரீலும் ராடும் நம் பென்ஷனுக்கு எட்டாது. பன்னிரண்டடி மூங்கில் கம்பு எடுத்துக்கொண்டேன். கம்பு நுனியில் பன்னிரண்டு இழை, அப்புறம் ஒன்பது, ஆறு, கடைசியில் மூன்று. குறைத்துக்கொண்டே போய் முறுக்கி, மடித்து எதிர்முறுக்குக் கொடுத்தால் சாட்டை மாதிரி ஒரு கயிறு கிடைக்கும். முன்காலத்தில் ஐரோப்பாவில் குதிரை வால்மயிரில் இதே மாதிரி திரித்தார்கள். ஜப்பானில் மலையோடைகளில் ரீல் இல்லாமல் இன்றும் இப்படித்தான். நுனியில் இரண்டு முழம் நரம்பு, அதன் நுனியில் பூச்சி. மெழுகு தேய்த்த கயிறு காற்றில் போகும்போது ஒரு சத்தம் வரும். ரிங் ஃப்ரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டை லேசாகத் தளர்ந்தால் வருகிற சத்தம்.

கோம்பரில் கழிந்து விழுகிற குட்டைப் பஞ்சையும் விடுவதில்லை. மெழுகு நூலில் ஒரு சிட்டிகை ஒட்டிப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே பக்கமாக உருட்டினால் பூச்சியின் உடம்புக்குப் புசுபுசுவென்று திரி கிடைக்கும். மெஷின் செய்கிற வேலையை இரண்டு விரல் செய்கிறது. பஞ்சு தண்ணீர் குடிக்கும் என்பதால் மூழ்குகிற பூச்சிக்கு மட்டும்தான் இது ஆகும்.

*

மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டு. இருபது வயதில் தொடங்கியவர். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே விரல் ஓடும். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் பூச்சியின் தலையில் முடிச்சு விழாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். கிட்ட வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இது பூக்கட்டுற சுருக்குத்தானே. இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா?"

என் கையிலிருந்து வாங்கி, நூலை இரண்டு விரலில் வளைத்து, ஒரு திருப்பு திருப்பி, முள்ளின் தலைக்குமேல் கொண்டுபோய் மாட்டி இழுத்தார். மூன்று தடவை. முடிந்தது. மல்லிகைக் காம்புக்குப் போடுகிற அதே சுருக்கு. 'ஹாஃப் ஹிட்ச்' என்று எங்கெங்கோ படம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அவர் சொன்ன இன்னொன்றை அப்படியே எழுதிவைக்கிறேன். "நாரை இழுத்துக் கட்டுனா காம்பு அறுந்துபோகும். லூசா விட்டா பூ உருவிரும். காம்புக்கு வலிக்காத எடத்துல நிப்பாட்டணும்." இறகுக்கும் அதே கணக்குத்தான். நூலை ஓங்கி இழுத்தால் இறகின் தண்டு ஒடியும், தூவிகள் திசைக்கொன்றாகத் திரும்பிக்கொள்ளும். எந்தப் புத்தகத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

ஆண்டாள் சூடிக்களைந்த மாலை அந்த ஊரிலிருந்துதான் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது, சித்திரையில் அழகருக்காக மதுரைக்குப் போகிறது. கையால் கட்டிய ஒன்று இத்தனை தூரம் உதிராமல் போய்ச் சேருகிற ஊர் இது. இந்த ஊர்ப் பெண்களிடம் முள்ளும் இறகும் கொடுத்தால் ஒரே வாரத்தில் என்னை மிஞ்சிவிடுவார்கள். உலகத்துக் கடைகளில் விற்கிற பொய்ப்பூச்சிகளில் பெரும்பங்கை இன்றைக்கும் மனிதர்கள் கையால்தான் கட்டுகிறார்கள். இலங்கையிலும் தாய்லாந்திலும் கென்யாவிலும் பட்டறை பட்டறையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டுகிறார்கள். மெஷின் இந்த வேலைக்கு இன்னும் வரவில்லை.

*

நீலகிரிக்கு இந்தத் தூண்டில் எப்போதோ வந்துவிட்டது. பிரான்சிஸ் டே என்பவர் 1860களில் ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து விடப் பார்த்தார், தங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் முயற்சியில்தான் அது நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கிற நிலையமும் வந்தது. மூணாறுப் பக்கமும் நுவரெலியாவிலும் தோட்டத்துரைமார்கள் இதே காரியத்தைச் செய்தார்கள். ட்ரௌட் குளிர்ந்த தண்ணீர் மீன். நம் அணை மலையடிவாரத்தில் இருக்கிறது. சித்திரையில் கரையோரத் தண்ணீரில் கால் வைத்தால் வெந்நீர். இங்கே ட்ரௌட்டைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

எனக்கு வேண்டியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். 1887இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொரு புத்தகம், குளத்தில் கண்மாயில் தூண்டில் போடுவதற்கென்றே. மலையோடையின் அழகை விட்டுவிட்டுக் கலங்கல் கண்மாய்க் கெண்டைக்காக ஒரு முழுப் புத்தகம் எழுதிய மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கண்மாய் மீன் லேசுப்பட்டது என்று நினைக்கிறவர்கள் கண்மாயில் தூண்டில் போட்டதில்லை.

*

பிளவக்கலில் இரண்டு அணை. பெரியாறு அணை 47 அடிச் சொச்சம், கோவிலாறு அணை 42 அடிச் சொச்சம். ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைந்தால்தான் வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கத்து நெல். இங்கிருந்து போகிற தண்ணீர் கண்மாய் கண்மாயாக நிறைத்துக்கொண்டு அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றில் சேரும். 2025 ஜூனில் கூமாபட்டி பற்றிய ரீல் வீடியோ ஒன்று எங்கும் பரவி, எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் அணையைப் பார்க்க வந்தார்கள். ஊர்ப் பேர் நாலு பேருக்குத் தெரிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான்.

அணைக்கு மேலே காடு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள், நாட்டில் 51ஆவது. காட்டோடைகளில் பாறையை ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மீன்களையும் தண்ணீருக்குமேல் எம்பிப் பூச்சி பிடிக்கிற மீன்களையும் பார்த்திருக்கிறேன். பொய்ப்பூச்சிக்கு அவற்றைவிட நல்ல மீன் கிடையாது. அங்கே நான் தூண்டில் கொண்டுபோவதில்லை. கொண்டுபோகக் கூடாது. கீழே கண்மாயில் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்று சொன்ன நாளில், சொன்ன மூலையில் மட்டும்.

*

இனி இறகு.

வைகாசியில் ஒரு பையன் வீடு தேடி வந்தான். இருபது வயதுக்குள் இருக்கும். வாசலில் நின்றுகொண்டே, "அண்ணாச்சி, தூண்டிலுக்கு எறகு கட்டுற ஆளு நீங்கதான?" என்றான். ஆமாம் என்றேன். மஞ்சள் பையிலிருந்து பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். காட்டுக்கோழிச் சேவலின் பிடரித் தோல். உப்புத் தடவி உலர்த்தியிருந்தது. புள்ளி ஒவ்வொன்றும் வரிசையாக, சின்னதிலிருந்து பெரிசாக.

"ஐந்நூறு குடுங்க. வெளிநாட்டுல இதுக்கு நல்ல வெலை இருக்காம்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கை அரித்தது. பிடரித் தோலாக நாற்பது வருஷம் படத்தில் மட்டும் பார்த்த பொருள். அந்த இறகு ஜோடி ஒன்றைப் பூச்சியின் தலை இருபுறமும் வைத்தால் கண் மாதிரி உட்காரும். அதற்கு இணையாக ஒரு சாயமும் ஒரு பிளாஸ்டிக்கும் வரவில்லை.

"எங்க புடிச்ச?"

பதில் இல்லை.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தைச் சொன்னேன், பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அதைவிட அவனுக்கு உறைத்தது வேறொன்று என்று நினைக்கிறேன். "காலையில அணைக்கரைல கேக்கும்லா, அது இதுதான் தம்பி. நீ கையில வச்சிருக்கறது இனிக் கூப்டாது." தலையைக் குனிந்துகொண்டு பொட்டலத்தை மடித்தான். வாங்கவில்லை, திட்டவும் இல்லை. போய்விட்டான். அப்புறம் அவனைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

*

இறகு வியாபாரத்தின் பழைய கதை இது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்கென்று கட்டிய பூச்சிகள் ஒவ்வொன்றும் நகைக்கடை மாதிரி. 'ஜாக் ஸ்காட்' என்று பேர் பெற்ற ஒன்றில் உலகத்தின் நாலு மூலைப் பறவைகளின் இறகும் இருக்கும், பக்கவாட்டில் நம் காட்டுக்கோழியின் புள்ளி இறகு. ஜார்ஜ் கெல்சன் 1895இல் 'தி சால்மன் ஃப்ளை' என்று பெரிய புத்தகமே போட்டு, எந்தப் பூச்சிக்கு எந்தப் பறவை என்று வகுத்தார். காட்டுக்கோழிக்குப் பிரெஞ்சுக்காரர் சொனரா பேரில் விஞ்ஞானப் பேர் வைத்தது 1813இல். வைத்த பேரில் பறவை பிழைத்ததா என்றால் இல்லை, தேடி வருகிறவர்களுக்கு முகவரி கிடைத்தது. 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசே பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட வேண்டியிருந்தது.

இதில் எனக்குத் தாளாத விஷயம் ஒன்று உண்டு. முட்டையிட ஆற்றுக்குத் திரும்பி வருகிற சால்மன் அங்கே இரை எடுப்பதில்லை. எதைப் போட்டாலும் கோபத்திலோ பழக்கத்திலோதான் கவ்வுகிறது. அந்தப் பூச்சிகளில் பாதி உலகத்தில் எந்தப் பூச்சி மாதிரியும் இல்லை. எந்த மீனும் கேட்காத அழகு அது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற மனிதர்களுக்காகப் பறவை செத்தது.

அது பழைய காலத்தோடு முடியவும் இல்லை. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்தில் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களை ஒருவன் திருடினான். வாலஸ் என்ற பெரிய இயற்கை விஞ்ஞானி தன் கையால் சேகரித்துச் சீட்டு எழுதிக் கட்டிய பறவைகளும் அதில் போயின. சீட்டைப் பிய்த்துவிட்டு இறகு இறகாகப் பொய்ப்பூச்சி கட்டுகிறவர்களுக்கு விற்றான். கிர்க் வாலஸ் ஜான்சன் என்பவர் இதை 2018இல் புத்தகமாக எழுதினார். பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் உயிரைவிட்டுத் தேடுகிற இறகு ஒன்றுக்கு 'இந்தியன் க்ரோ' என்று பேர். பறவை தென்னமெரிக்காவில் இருக்கிறது. இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, காக்கையும் இல்லை.

*

பையன் வந்துபோன பிறகு ஊர்ச் சேவல்களை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். நாட்டுக்கோழிக் கடையில், கோயில் கொடைக்கு மறுநாள், உறவுக்காரர்கள் வீட்டில் கறி எடுத்த அன்று. பிடரியும் முதுகும் உள்ள தோல் துண்டைக் கேட்டால் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். உப்பும் மஞ்சள்தூளும் தடவி நிழலில் காயவைத்தால் இரண்டு வாரம்.

இங்கே சேவல் வளர்க்கிறவர்கள் நிறத்துக்கு வைத்திருக்கிற பேர்கள் எல்லாம் பூச்சி கட்டுகிறவனுக்கே வைத்தது மாதிரி இருக்கின்றன. கீரி, காகம், மயில், சாம்பல். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'டன்' என்று ஒரு மங்கல் சாம்பல் நிறத்துக்காகத் தவம் கிடக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கென்றே தலைமுறை தலைமுறையாகச் சேவல் வளர்த்து இறகை நீட்டி எடுக்கிறார்கள். 2011இல் பெண்கள் தலைமுடியில் இறகு செருகுகிற மோகம் வந்து, அந்த இறகெல்லாம் சலூனுக்குப் போய், தூண்டில்காரர்கள் வெறுங்கையோடு நின்றார்களாம். எங்கள் தெருக்கோடியில் அந்தச் சாம்பல் நிறச் சேவல் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறது.

சேவலில் கடினமான பிடரி இறகு தண்ணீர்மேல் நிற்கிற பூச்சிக்கு. முள்ளைச் சுற்றி ஒரே இறகை நாலு சுற்றுச் சுற்றினால் தூவிகள் சக்கரத்துக் கம்பி மாதிரி எல்லாப் பக்கமும் விரியும். அந்த நுனிகளில்தான் பூச்சி மிதக்கும். பெட்டையின் இறகு மெதுவானது, தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி அசையும். அது மூழ்குகிற பூச்சிக்கு.

மயில் இறகும் உண்டு. தோட்டத்துப் பக்கம் தானாக உதிர்ந்து கிடப்பது மட்டும். நாட்டுக்குள் அதை வைத்திருக்கத் தடையில்லை, வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் கூடாது. கண்ணுக்குக் கீழே தண்டில் இருக்கிற பீலித் தூவி மூன்றை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினால் வண்டின் முதுகு வந்துவிடும். பச்சையா, செம்பா, கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம். அதிலேயே மீன் மயங்குகிறது.

ஒரு செய்தியைப் படித்ததிலிருந்து நாட்டுச் சேவலைக் கையில் எடுத்தால் காலைத்தான் முதலில் பார்க்கிறேன். வீட்டுக்கோழி வந்தது செங்காட்டுக்கோழியிலிருந்து. ஆனால் அதன் காலிலும் தோலிலும் இருக்கிற மஞ்சள் நிறம் நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். மலையில் கூப்பிடுகிறவனின் சொத்தில் ஒரு பங்கு கீழே ஊருக்குள்ளேயே திரிகிறது.

*

ஈசல் கட்டியதைப் பற்றி.

ஐப்பசியில் முதல் கனமழை பெய்து விட்டதும், அந்தி வெளிச்சத்தில் புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பும். பானையும் விளக்குமாக வைத்துப் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள் நாங்கள். கண்மாய்க்கரைப் புற்றில் கிளம்பினால் பாதி தண்ணீரில் விழும். அந்த அரைமணி நேரம் கண்மாய் கொதிக்கிற மாதிரி இருக்கும். ஜிலேபி, கெண்டை, குறவை எல்லாம் மேலுக்கு வந்துவிடும். (இந்த ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. அவ்வளவு சொந்தமாகிவிட்டது.)

முதல் ஈசலுக்கு இறக்கையைச் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியில் வெட்டி வைத்தேன். பார்க்க அச்சு அசல். தண்ணீர் குடித்து அப்படியே மூழ்கிவிட்டது. அடுத்தது பால் கவரில். மிதந்தது, ஆனால் எறியும்போது காத்தாடியாகச் சுழன்று நரம்பை முறுக்கிக் கயிறு திரித்துவிட்டது. மூன்றாவதற்கு வெள்ளைச் சேவலின் பிடரி இறகு நுனிகள்.

இப்போது கட்டுவது இப்படி. 12ஆம் நம்பர் மஸ்டட் முள், கையில் பிடிக்கிற பின்வைஸில். பழுப்பு நூலை வளைவு வரைக்கும் சுற்றிக்கொண்டு போய், தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து தீக்குச்சி கனத்தில் அறுத்த துண்டைக் கட்ட வேண்டும். நாலு இடத்தில் நூலை இறுக்கினால் கண்ணி கண்ணியாக வயிறு வந்துவிடும். மேலே இறகு நுனி இரண்டு, வயிற்றைத் தாண்டிப் பின்னால் நீள வேண்டும். ஈசலுக்கு இறக்கை உடம்பைவிட நீளம். நிஜ ஈசலுக்கு நாலு இறக்கை, ஆனால் மடித்துக்கொண்டு கிடக்கும்போது இரண்டாகத்தான் தெரியும். முன்னால் சாம்பல் சேவலின் இறகு மூன்று சுற்று. தலையில் மதினியின் சுருக்கு மூன்று. ஒரு சொட்டு வார்னிஷ்.

போன ஐப்பசியில் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். தண்ணீர் முழுக்க ஈசல், நடுவில் என்னுடையது ஒன்று. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. கயிறு போன திசையை வைத்து உத்தேசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாய் திறந்து ஓர் ஈசலை உள்ளே இழுத்தது. சத்தம் கேட்டது, முத்தம் கொடுக்கிற மாதிரி. இன்னொரு வாய். மூன்றாவது வாய் திறந்தபோது என் கயிறு அசைந்தது. சுண்டினேன். கம்பு வளைந்தது.

உள்ளங்கை அகல ஜிலேபிதான். அதைவிடப் பெரிய மீன் எத்தனையோ பிடித்திருக்கிறேன். ஆனால் ஆயிரம் நிஜ ஈசலுக்கு நடுவே செருப்பையும் சேவலையும் நம்பி வந்தது அது. முள்ளை எடுத்துவிட்டு ஈரக் கையோடு தண்ணீருக்குள் பிடித்தேன். வால் இரண்டு தடவை ஆடியது, போய்விட்டது.

*

கண்டிப்பாகச் செய்ய வேண்டியவை, மருமகனுக்காக எழுதுவது:

முள்ளின் உள்பக்கக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடு. என் இடது பெருவிரலில் ஏறிய முள்ளை எடுக்க நர்ஸம்மா அதை மறுபக்கம் குத்தி வெளியே கொண்டுவந்து, கொக்கியை வெட்டித்தான் எடுத்தார்கள். மீனுக்கும் அதே வலிதான்.

அறுந்த நரம்பை ஒரு விரற்கடைகூடக் கரையில் விடாதே. கருவேல மரத்தில் மாட்டியிருந்த நரம்பில் கரிச்சான் ஒன்று கால் சிக்கித் தலைகீழாகக் காய்ந்து தொங்கியதைப் பார்த்தேன். யார் விட்ட நரம்போ. என்னுடையதாகவும் இருந்திருக்கலாம்.

செக்கச்செவேலென்று விரால் குஞ்சுக்கூட்டம் தண்ணீர்மேல் சுழன்றுகொண்டிருந்தால் அந்தப் பக்கம் தூண்டில் போடாதே. கீழே காவலுக்கு நிற்கிற விரால் எதைப் போட்டாலும் பாயும். அதற்குப் பசி கிடையாது, பிள்ளையைக் காப்பாற்றத்தான் பாய்கிறது. அதை எடுத்துவிட்டால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. ரப்பர் தவளை போட்டு இதைப் பிடித்து வீடியோ எடுக்கிறவர்களிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள்.

*

இன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு அணைக்கரையில். கோவிலாறு பக்கம் இரண்டு, மேற்கே ஒன்று. மேற்கே இருப்பது கொஞ்சம் கரகரப்பு.

வானம் மூட்டமாக இருக்கிறது. இரண்டு நாளில் மழை வரலாம். ஈசல் ஆறு கட்டியிருக்கிறேன், இன்னும் ஆறு வேண்டும். இறக்கை நீளம் அதிகம், அரை விரற்கடை குறைக்க வேண்டும். சாம்பல் இறகு தீர்ந்துகொண்டிருக்கிறது. தெருக்கோடிச் சேவலின் சொந்தக்காரரிடம் கேட்டேன். "அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, அறுக்கமாட்டோம், உதிர்றதை வேணா பொறுக்கிக்கோங்க" என்றார். சின்ன டப்பா ஒன்று அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.